மொன்ட்கொமரி பஸ்ஸும் நமுனுகுல கடன் கொப்பியும்

சென்ற வருடம் நமுனுகுல மலையடிவாரத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் மூன்று நாள் மாணவர் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள், பதுளையிலிருந்தும் பசறையிலிருந்தும் முஸ்லிம் பிள்ளைகள், சுற்றுக் கிராமங்களிலிருந்து சிங்களப் பிள்ளைகள் என்று முப்பதுக்கு மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். குடியியல் உரிமைப் போராட்டங்களின் வரலாறுதான் பாடம். கொழும்பிலிருந்து வந்த ஓர் அமைப்பு நடத்தியது. கடைசி நாள் பிள்ளைகள் போடும் நாடகத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், இந்தக் கடைத்தெருவிலேயே பிறந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அன்று மேடையில் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கதைக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும் ஒரு நிகழ்ச்சியும் பிரதிதான். அதற்கும் ஒரு கையேடு உண்டு, பாத்திரங்கள் உண்டு, விட்டுப்போன பக்கங்கள் உண்டு. அந்தக் கண்ணோடு பார்த்ததுதான் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பகுதியில் மூன்று இனத்துப் பிள்ளைகளும் மூன்று பாடசாலைகளில் படிக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒரே கடையில் சோட்டீஸ் வாங்குவார்கள், ஒரு வாங்கில் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அவர்களை மூன்று நாள் ஒன்றாக உட்கார வைத்ததே பெரிய காரியம். கையேட்டின் அமெரிக்கப் பகுதியும் கவனமாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. 1954இன் பாடசாலைத் தீர்ப்பு, 1955 டிசம்பரில் மொன்ட்கொமரி நகரத்து பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் எழும்ப மறுத்தது, அதன் பிறகு 381 நாள் நீடித்த பஸ் பகிஷ்கரிப்பு, 1965 மார்ச் 7இல் செல்மா பாலத்தில் விழுந்த அடி, அதே வருடம் ஓகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டம் எல்லாம் வரிசையாக இருந்தன. பிள்ளைகளுக்கு அது நன்றாக ஏறியும் இருந்தது. கேட்டால் டக்கென்று பதில் வந்தது.

குறை தொடங்கியது பங்கீட்டில். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியின் வழியாக மார்ட்டின் லூதர் கிங் கிடைத்தார். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மல்கம் எக்ஸ். 1964இல் அவர் ஹஜ்ஜுக்குப் போனதும், வெள்ளைத் தோல்காரரோடு ஒரே தட்டில் சாப்பிட்டதும், மனம் மாறி எழுதிய கடிதமும் தனித் தாளாகவே அச்சிடப்பட்டிருந்தன. கல்யாண வீட்டில் ஆளுக்கொரு பொதி கொடுப்பதுபோல, ஆளுக்கொரு வீரர். மல்கம் எக்ஸின் கதை அருமையான கதைதான். ஆனால் முஸ்லிம் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளைக்கு அந்தத் தாளைக் கொடுத்தால், மற்றத் தாள்கள் உனக்கில்லை என்றுதான் அந்தப் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

மலையகத்துக்குக் கையேட்டில் கிடைத்தது இரண்டு பக்கம். "1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது, பிற்காலத்தில் படிப்படியாகத் திருப்பி வழங்கப்பட்டது." பறித்தது யார், எப்படி, என்ன காகிதம் கேட்டார்கள் என்று ஒன்றுமில்லை. செயப்பாட்டு வினை ஒரு வசதியான வினை. அதில் கை தெரியாது.

இனி நாடகத்துக்கு வருகிறேன்.

நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு பஸ் செய்திருந்தார்கள். சாரதி ஒரு முஸ்லிம் பையன். பொலிஸ்காரன் ஒரு சிங்களப் பையன். ரோசா பார்க்ஸாக ஒரு தோட்டத்துப் பிள்ளை. பதினாறு வயது இருக்கும். சாரதி மூன்று மொழியிலும் எழும்பச் சொன்னான். அவள் மூன்று மொழியிலும் மாட்டேன் என்றாள். மண்டபம் கைதட்டியது. நடந்தவை எல்லாவற்றிலும் கலை என்று சொல்லத்தக்கது அந்த ஐந்து நிமிடம்தான்.

முடிந்ததும் நடத்துநர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "நடிச்சப்போ என்ன உணர்ந்தீங்க?"

அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த அம்மாவ சீட்ட விட்டு எழும்பச் சொன்னாங்க சேர். எங்க ஆச்சியோட அக்காவ நாட்ட விட்டே எழும்பச் சொன்னாங்க. தெமோதரையில கோச்சி ஏத்தி விட்டுட்டு வந்து ஆச்சி மூணு நாளா சாப்பிடலையாம். அவங்க மாட்டேன்னு சொல்லலையா சேர்? சொன்னா கேட்டிருப்பாங்களா?"

மண்டபம் அமைதியானது. நடத்துநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரொம்ப முக்கியமான பொயின்ட். தேத்தண்ணிக்குப் பிறகு கதைப்போம்" என்றார். தேத்தண்ணிக்குப் பிறகு சான்றிதழ் வழங்கல்.

நடத்துநரைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. நல்ல பிள்ளை, களைத்துப் போயிருந்தார். அவருடைய கையேட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மூன்று நாளும் எதற்காகக் கூடினார்களோ, அது அந்த நிமிடம் மேடைக்கு வந்து நின்றது. வந்ததை அடையாளம் காண அந்தப் பிரதிக்குத் தெரியவில்லை.

அவள் கேட்டதற்குப் பதில் உண்டு. மாட்டேன் என்று சொன்னார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதில் பதுளையும் ஒன்று; எஸ்.எம். சுப்பையா எங்கள் உறுப்பினர். தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்காளர் இடாப்பும் பிரஜாவுரிமையோடு கட்டப்பட்டது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனமும் இல்லை. அந்த வருடம் ஏப்ரலில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நூறு நாளுக்கு மேல் நடந்தது. ரோசா பார்க்ஸ் அந்த பஸ்ஸில் ஏறுவதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால், நம்முடைய கொழும்பில். கேட்டார்களா என்றால், கேட்கவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்தக் கணக்கில்தான் அவளுடைய ஆச்சியின் அக்கா கோச்சி ஏறினார். கடைசி முடிச்சு அவிழ 2003ஆம் வருடத்துச் சட்டம் வரை போக வேண்டியிருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் சாரதியாக நடித்த பையன் என்னிடம் வந்தான். மத்ரஸாவில் ஓதிவிட்டுப் பாடசாலைக்கு வந்தவன், நல்ல சூட்டிகை. "சேர், அவங்க கத பாவம்தான். ஆனா இதுல நமக்கு என்ன சேர்? நாம நடுவுல நிக்கிற ஆக்கள்தானே?"

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அவளுடைய கேள்வியைவிட இவனுடைய கேள்விதான். ஏனென்றால் அது அவனுடைய கேள்வி மட்டுமல்ல. நம்முடைய ஆய்வுகளும் மலர்களும் வருடக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சித்திலெப்பையைப் பற்றி எழுதுகிறோம், அறாபி பாஷாவைப் பற்றி எழுதுகிறோம், புலவர்களுக்குப் பட்டியல் போடுகிறோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தோட்டத்து வாசலில் நூறு வருடமாகக் கடை வைத்திருந்த சமூகம், அந்தத் தோட்டத்து மக்களின் பெரிய இழப்பைப் பற்றி எழுதும்போது 'அவர்கள்' என்றுதான் எழுதுகிறது.

சட்டத்தின் பெயரைப் பாருங்கள். 1949ஆம் வருடத்து 3ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப்பெயர் 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம்'. தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் போட்ட சட்டம் அல்ல அது. தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து கடை வைத்தவர்களும் அதற்குள்தான் வந்தார்கள். குடிசன மதிப்பீட்டில் நம்மை இரண்டு பெட்டியில் போட்டிருந்தார்கள்: இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர். ஒரே பள்ளியில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்களில் ஒருவருக்கு நாடு இருந்தது, பக்கத்தில் நின்றவர் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்.

தொழிலாளர் பக்கம் நின்றவர்களிலும் நம் பெயர் உண்டு. இலங்கை இந்தியன் காங்கிரசின் தலைவராக இருந்து, பிறகு ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை வழிநடத்திய அப்துல் அஸீஸை எத்தனை முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தெரியும்? மறுபக்கமும் சொல்லத்தான் வேண்டும். 1948இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா. கல்விக்கும் சமூகத்துக்கும் அவர் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. அவரை நாம் மதிக்கிறோம். மதிப்பதற்காக அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட முடியாது. அஸீஸும் நம்மவர், ஜாயாவும் நம்மவர். நடுவில் நின்றவர்கள் என்று நம்மைச் சொல்ல இடமேயில்லை.

இனிச் சொல்வது என் வீட்டுக் கதை. மௌத்தானவர்களின் குறையைப் பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும். சூரா அந்நிஸாவின் 135ஆவது வசனம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவே ஆனாலும் சாட்சியத்தில் நிலைத்து நிற்கச் சொல்கிறது என்பதும் தெரியும். நெடுநாள் யோசித்த பிறகே எழுதுகிறேன்.

என் மூத்தவாப்பா தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். நமுனுகுல கடைத்தெருவில் அரிசி, மிளகாய், கருவாடு, மண்ணெண்ணெய்க் கடை. தோட்டத்து ஆட்களுக்கு 'நானா கடை'. மாதச் சம்பளம் வரும்வரை கடனுக்குத்தான் சாமான். அந்தக் கடன் கொப்பிகளில் ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இன்னும் இருக்கிறது. முப்பதுகளின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. எழுத்து அரபுத் தமிழ். ஆளின் பெயர், லயத்தின் அடையாளம், திகதி, சாமான், தொகை என்று ஒரு நாள் தவறாமல் எழுதியிருக்கிறார்.

அந்த 1949ஆம் வருடத்துச் சட்டம் கேட்டது வதிவிட அத்தாட்சி. கலியாணம் முடித்தவர் 1939இன் தொடக்கத்திலிருந்தும் முடிக்காதவர் 1936இன் தொடக்கத்திலிருந்தும் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். லயக் காம்பராவில் இருப்பவனிடம் என்ன காகிதம் இருக்கும்? பிறப்புப் பத்திரம் அநேகருக்கு இல்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பதிவு கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சப் பேருக்கு நாடு இல்லாமல் போனது ஒரு துண்டுக் கடுதாசியில்.

வாப்பா மௌத்தாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன் இதைச் சொன்னார். எங்கள் கடையில் வருடக்கணக்காகப் பற்று வைத்திருந்த ஒரு தொழிலாளி, விசாரணைக்குப் போகும் முன் மூத்தவாப்பாவிடம் வந்திருக்கிறார். "நானா, எம் பேரு ஒங்க கொப்பியில இருக்கே. வருசம் மாசம் எல்லாம் இருக்கே. அதக் கொண்டாந்து அதிகாரிக்குக் காட்டி, இவன எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். மூத்தவாப்பாவின் விண்ணப்பமும் அப்போது தீர்ப்பாகாமல் கிடந்தது. தோட்டத்து ஆளுக்காகப் போய் நின்றால் தன் பைலையும் இழுத்துப் பிடிப்பார்கள் என்று பயந்துவிட்டார். கொப்பி கறையான் அரித்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூத்தவாப்பாவுக்குப் பதிவு கிடைத்தது. அதனால்தான் நான் இங்கே பிறந்தேன், படித்தேன், வாத்தியாரானேன். அந்த மனுஷனின் குடும்பம் எழுபதுகளில் கோச்சி ஏறியது. போகும் முன் பாக்கிக் கடனைக் கொண்டுவந்து கட்டிவிட்டுத்தான் போனார்களாம். வாப்பா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கடனை எழுதிவைக்கச் சொல்லும் நீளமான வசனம் சூரா அல்பகறாவில் இருக்கிறது, 282ஆவது. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் வசனங்களில் ஒன்று. சாட்சிக்கு அழைக்கப்பட்டால் மறுக்கக் கூடாது என்பதும் அதே வசனத்தில்தான். மூத்தவாப்பா முதல் பாதியை ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்தார். மற்றப் பாதி அவரை வாசலில் வந்து கூப்பிட்டபோது கதவைச் சாத்தினார்.

2020இல் கொவிட் என்று சொல்லி நம் ஜனாஸாக்களை எரித்தபோது, மற்றச் சமூகத்தவர் நமக்காக வாய் திறக்க மாட்டார்களா என்று எவ்வளவு ஏங்கினோம். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து நண்பர் தன் லயத்து வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். 'நமக்கு என்ன' என்று அவர் கேட்கவில்லை. அந்தத் துணியைப் பார்த்த அன்று எனக்குக் கொப்பியின் ஞாபகம்தான் வந்தது.

இனி நிகழ்ச்சிக்குத் திரும்பலாம். அமெரிக்காவைப் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கிருந்து எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. 1964 கோடையில் வடக்கிலிருந்து ஆயிரம் பேர் அளவிலான தொண்டர்கள், பெரும்பாலும் வெள்ளையின மாணவர்கள், மிசிசிப்பிக்கு வந்தார்கள். கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவதும், பிள்ளைகளுக்கு 'சுதந்திரப் பள்ளிகள்' நடத்துவதும் வேலை. தொடக்கத்திலேயே மூன்று இளைஞர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் அந்த மாநிலத்துக் கறுப்பினத்தவர், இருவர் நியூயோர்க்கிலிருந்து வந்த யூதர்கள். அப்படியும் நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. அந்தப் பள்ளிகளின் பாடத்திட்டம் கேள்விகளால் ஆனது. பெரும்பான்மையினரிடம் இருப்பதில் நமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது, நம்மிடம் இருப்பதில் விடக்கூடாதது எது என்று பிள்ளைகளையே கேட்டார்கள். பதில் கையேட்டில் இல்லை. பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கொழும்பு அமைப்பு மொன்ட்கொமரியின் கதையை எடுத்துவந்தது. மிசிசிப்பியின் முறையை எடுத்துவந்திருந்தால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முன்னால் தேத்தண்ணி வந்திருக்காது.

வாசிக்கக் கொடுக்கவும் நம் மண்ணிலேயே இருக்கிறது. தெளிவத்தை ஜோசப் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 'நாமிருக்கும் நாடே' என்ற அவருடைய தொகுப்பின் தலைப்பையே கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒரு காலை முழுக்கப் பேசலாம். மு. நித்தியானந்தன் பதுளைக்காரர், அவருடைய 'கூலித் தமிழ்' நூல், யாரும் சீண்டாத பழைய அச்சுத்தாள்களிலிருந்து ஒரு சமூகத்தின் எழுத்து வரலாற்றை எடுக்க முடியும் என்று காட்டியது. அதே வேலையை நம் பெட்டகங்களில் கிடக்கும் கொப்பிகளிலும் செய்யலாம். சிங்களப் பிள்ளைகளுக்கும் கொண்டுவர உண்டு. ஊவாவின் 1817–18 கிளர்ச்சியை வெள்ளைக்காரன் எப்படி அடக்கினான் என்பதும், 1840இன் காணிக் கட்டளைச் சட்டத்தால் கிராமத்துக் காடும் ஹேனையும் எப்படி அரச காணியானது என்பதும் அவர்கள் வீட்டுக் கதைகள். மூன்று வீட்டுக் கதையையும் ஒரே மேசையில் வைத்தால் சண்டை வரும் என்று நடத்துபவர்கள் பயப்படுகிறார்கள். வரட்டும். மேசையில் வரும் சண்டை தெருவில் வருவதைவிட நல்லது.

நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, பாடசாலையில் கேட்டு அனுமதி வாங்கி, கொப்பியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளையும் அந்தப் பையனும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். பிள்ளைக்கு எழுத்து விளங்கவில்லை. பையனுக்கு விளங்கியது, மத்ரஸாவில் ஓதியவன், எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தான். ஆனால் வாசித்த சொல் அவனுக்கு விளங்கவில்லை.

"பத்தல்... தொங்க லயம்... பேர் பாதி... இது என்ன சேர்?"

நான் வாய் திறக்கும் முன் அவள் சொன்னாள். "தொங்க லயம்னா கடைசி லயம். பேர் பாதின்னா அன்னைக்கு அரைநாள் சம்பளந்தான், அதான் சாமானும் பாதி வாங்கிருக்காங்க. அடுத்தது வாசி."

அவன் வாசித்தான். அவள் பொருள் சொன்னாள். ஒருவருக்கு எழுத்துத் தெரியும், ஒருவருக்கு வாழ்க்கை தெரியும். இரண்டு பேரும் சேராவிட்டால் அந்தக் கொப்பியை வாசிக்கவே முடியாது. நாற்பது நிமிடத்தில் மூன்று பக்கம் முடித்தார்கள்.

மூத்தவாப்பா அந்த மனுஷனை அனுப்பிய கதையையும் அன்று சொன்னேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கறையான் அரிக்கலையே சேர்?"

"இல்ல மகள்" என்றேன்.

"அப்ப அடுத்த கிழமையும் கொண்டு வாங்க."

கொண்டுபோகிறேன். இதை வாசிப்பவர்களில் பதுளை, பசறை, பண்டாரவளை, லுணுகலைப் பக்கத்துக் கடைக் குடும்பத்தவர் பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டகத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.